இலவசக் குடையும் எட்டணா டிக்கெட்டும்: தூத்துக்குடிக் கப்பல் சண்டையில் ஒரு கேம் தியரி பாடம்

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தாச்சு. ஊர் என்றால் தாண்டிக்குடி. கொடைக்கானலுக்குக் கீழே, வத்தலக்குண்டுக்கு மேலே, பழனி மலையின் நடுவில் இருக்கிற ஊர். காப்பி, மிளகு, மலைவாழை, அவரை, சௌசௌ எல்லாம் விளையும். விளைகிற எல்லாமே மலை இறங்கித்தான் காசாகும். அதனால் எங்கள் ஊரில் மழைக்கு அடுத்து அதிகம் பேசப்படும் விஷயம் லாரி வாடகைதான்.

இந்தப் பதிவும் வாடகை பற்றியதுதான். ஆனால் லாரியை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போகப் போகிறோம். (மலையில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுகிறான் என்று வகுப்புத் தோழர்கள் கிண்டல் செய்வார்கள், தெரியும்!)

முதலில் ஒரு சின்னக் கதை. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் மினி லாரி வைத்து வாழைத்தார் இறக்கினார்கள். ஒரு தாருக்கு 15 ரூபாய். ஒரு நாள் ஒருவர் 12 என்றார். மற்றவர் 10 என்றார். இவர் 8, அவர் 7. தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் கொண்டாட்டம். யார் குறைவோ அவர் வண்டியில் ஏற்றினோம். ஆறேழு மாதத்தில் ஒருவர் தவணை கட்ட முடியாமல் வண்டியை விற்றுவிட்டார். அடுத்த வாரமே தாருக்கு 18 ரூபாய் ஆனது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மலிவா ஏத்துறான்னு சிரிச்சோம்டா. இப்ப ஒருத்தன் முன்னாடி கைகட்டி நிக்கிறோம்."

இந்தக் கதையில் தப்பு யார் பக்கம்? விலை குறைத்த லாரிக்காரர்களா? குறைந்த விலைக்கு ஓடிய நாங்களா? யோசித்தால், ஒவ்வொருவரும் அவரவர் கணக்குப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து நஷ்டப்பட்டார்கள். இந்த வகைச் சிக்கலைப் படிக்கிற துறைக்குத்தான் கேம் தியரி என்று பெயர். தமிழில் ஆட்டக் கோட்பாடு என்கிறார்கள்.

கைதிகளின் சிக்கல்

1944-ல் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் சேர்ந்து எழுதிய தடிமனான புத்தகத்தில் இந்தத் துறை முறையாகத் தொடங்கியது. 1950-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் ட்ரெஷர் என்ற இருவர் ஒரு விளையாட்டை அமைத்தார்கள். ஆல்பர்ட் டக்கர் அதற்கு இரண்டு கைதிகள் கதையைச் சேர்த்தார். அதனால் அது "கைதிகளின் சிக்கல்" ஆனது.

கைதிகளை விடுங்கள், கப்பலையே எடுத்துக்கொள்வோம். ஒரே வழியில் இரண்டு கம்பெனிகள் ஓடுகின்றன. இரண்டும் நியாயமான கட்டணம் வாங்கினால் ஆளுக்கு 10 ரூபாய் லாபம் என்று வையுங்கள். ஒன்று மட்டும் குறைத்தால் கூட்டமெல்லாம் அதற்குப் போய்விடும். அதற்கு 15 லாபம், மற்றதற்கு 5 நஷ்டம். இரண்டும் குறைத்தால் இரண்டுக்கும் பூஜ்யம். (எண்கள் நான் போட்டவை, புரிவதற்காக.)

இப்போது ஒரு கம்பெனி யோசிக்கிறது. அவன் குறைக்காவிட்டால் நான் குறைப்பது லாபம், 10-க்குப் பதில் 15. அவன் குறைத்தாலும் நான் குறைப்பதுதான் மேல், 5 நஷ்டத்துக்குப் பதில் பூஜ்யம். ஆக அவன் என்ன செய்தாலும் நான் குறைக்க வேண்டும். எதிராளியும் இதையே யோசிக்கிறான். இரண்டு பேரும் 10 சம்பாதித்திருக்கலாம், இரண்டு பேரும் பூஜ்யத்தில் நிற்கிறார்கள்.

இதிலிருந்து வெளியே வர வழி உண்டா? உண்டு. ஆட்டம் ஒரு தடவையோடு முடியாமல் தினமும் நடந்தால் நிலைமை மாறும். இன்று நான் உன்னை ஏமாற்றினால் நாளை நீ என்னை ஏமாற்றுவாய் என்ற பயம் இருவரையும் ஒழுங்காக வைத்திருக்கும். 1980 வாக்கில் ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற பேராசிரியர் கம்ப்யூட்டர் நிரல்களுக்கிடையே போட்டி நடத்தினார். அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல்தான் ஜெயித்தது. அதன் விதி இவ்வளவுதான்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன தடவை செய்ததை நீ இந்தத் தடவை செய்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நாளைக்கும் எதிராளி உயிரோடு இருப்பான் என்று இருவரும் நம்ப வேண்டும். "ஆறு மாதம் நஷ்டத்தைத் தாங்கினால் இவன் காலி" என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் ஒத்துழைப்பு அங்கேயே செத்துப் போகும். எங்கள் ஊர் மினி லாரிக்கு நடந்தது அதுதான். தூத்துக்குடியில் நடந்ததும் அதுதான்.

1906, தூத்துக்குடி

வ.உ.சி. கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1961-ல் வந்த சிவாஜி படத்தையும் எல்லோரும் பார்த்திருப்போம். செக்கிழுத்ததை நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அவர் நடத்தியது ஒரு கம்பெனி, அதற்கு வரவு செலவுக் கணக்கு இருந்தது, அது ஒரு வியாபார யுத்தத்தில் சிக்கியது என்பதை மறந்துவிடுகிறோம். அந்தக் கோணத்தில் பார்ப்போம்.

அப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. 1856-ல் கல்கத்தா–பர்மா வழியில் தபால் கொண்டுபோகத் தொடங்கி, 1862-ல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. 1914-ல் பி அண்டு ஓ கம்பெனியோடு இணைந்தபோது அதனிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்ட் ஏ அண்டு எஃப் ஹார்வி. கோரல் மில்லை நடத்தியதும் அதே ஹார்விதான். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர் யாரும் பங்கு வாங்கலாம். தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஹாஜி முகமது பக்கீர் முகமது ராவுத்தர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். வ.உ.சி. உதவிச் செயலாளர்.

முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. நெருக்கியது, பம்பாய்க் கம்பெனி கையை விரித்துவிட்டது. வ.உ.சி. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டத்தை நிற்காமல் பார்த்துக்கொண்டார். அப்புறம் சொந்தக் கப்பல் இல்லாமல் ஆகாது என்று வடக்கே போய்ப் பணம் திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

விலைச் சண்டை வழக்கமாக இப்படிச் சொல்லப்படுகிறது. பி.ஐ. கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பி.ஐ. உடனே இலவசமாகவே ஏறிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது. வ.உ.சி.க்குப் பணம் கொடுத்துக் கம்பெனியை வாங்கிவிடவும் முயன்றார்கள். அவர் மறுத்துவிட்டார்.

இலவசக் குடை என்றதும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் குடை ஒரு செய்தி. "என்னால் பூஜ்யத்துக்குக் கீழேயும் போக முடியும். உன்னால் முடியுமா?"

மூன்று ஆட்டங்கள்

அந்தச் சண்டையில் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டங்கள் நடந்தன என்பது என் எண்ணம்.

முதல் ஆட்டம், கம்பெனிக்கும் கம்பெனிக்கும். சுதேசிக் கம்பெனியின் உயிர் முழுவதும் ஒரே வழியில் இருந்தது. பி.ஐ.க்கு அது பல வழிகளில் ஒன்று. இங்கே ஆகும் நஷ்டத்தை வேறு கடலில் ஈடுகட்டிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடியில் விட்டுக்கொடுத்தால் மற்ற துறைமுகங்களிலும் ஆளாளுக்குக் கப்பல் விடக் கிளம்புவார்கள். அதனால் இங்கே படும் நஷ்டம் மற்ற இடங்களுக்கு விடும் எச்சரிக்கை. இந்த மாதிரி "முரட்டுப் பெயர்" சம்பாதிப்பதற்காக நஷ்டப்படுவது அறிவுள்ள செயலாக இருக்கலாம் என்பதை 1982-ல் கிரெப்ஸ், வில்சன் ஒரு பக்கமும் மில்கிராம், ராபர்ட்ஸ் இன்னொரு பக்கமும் கணிதத்தில் காட்டினார்கள். கப்பல்காரர்களுக்கு அது முக்கால் நூற்றாண்டு முன்னாலேயே தெரிந்திருக்கிறது :-)

இரண்டாவது ஆட்டம், வியாபாரிகளுக்கும் பயணிகளுக்கும் இடையே. சுதேசிக் கம்பெனி பிழைத்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் "நான் ஒருத்தன் பி.ஐ. கப்பலில் ஏறினால் சுதேசி முழுகிவிடுமா?" என்று ஒவ்வொருவரும் நினைக்கலாம். இதுவும் கைதிகளின் சிக்கல்தான், இங்கே கைதிகள் ஆயிரக்கணக்கில். இதை வ.உ.சி. புரிந்து வைத்திருந்தார். சுதேசி என்ற உணர்வுதான் அவர் கையில் இருந்த ஒரே மருந்து. விலையைப் பார்க்காதே, யார் கப்பல் என்று பார் என்றார். அது ஓரளவு பலித்ததால்தான் பி.ஐ. கட்டணத்தை இலவசம் வரைக்கும் இறக்க வேண்டி வந்தது. நல்ல பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. ஆனால் பேச்சை நம்பி எத்தனை மாதம் ஓட்ட முடியும்?

மூன்றாவது ஆட்டத்தில் அரசாங்கம் இருந்தது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கப்பலில் எதிராளியாக இருந்த அதே ஹார்விக்கு மில்லிலும் அடி. அதாவது இரண்டு ஆட்டங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருடம் என்றார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் 1911-லேயே கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் போட்டியாளர்களிடமே போய்ச் சேர்ந்தன என்று எழுதுகிறார்கள்.

கேம் தியரி புத்தகங்களில் எல்லா ஆட்டக்காரர்களும் மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். நிஜத்தில் ஒரு ஆட்டக்காரரைப் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகலாம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு வ.உ.சி.க்கு வியாபாரம் தெரியவில்லை என்று சிலர் பேசுவதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

ஒத்துழைப்பு என்ற கத்தி

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. பெரிய பிரிட்டிஷ் கம்பெனிகள் தங்களுக்குள் விலைச் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. கைதிகளின் சிக்கலை அவர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்!

1875-ல் கல்கத்தா வழியில் ஓடிய கம்பெனிகள் ஒன்றுகூடி, எல்லோரும் ஒரே கட்டணம் என்று பேசி முடித்தன. இதற்கு "கான்ஃபரன்ஸ்" என்று பெயர். நீராவிக் கப்பல் காலத்தின் முதல் பெரிய கூட்டணி இதுதான். 1877-ல் அதே கூட்டணி ஒரு தந்திரத்தையும் கொண்டுவந்தது. வியாபாரி கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். ஆனால் உடனே இல்லை. இன்னும் சில மாதங்களுக்கு வேறு யார் கப்பலிலும் சரக்கு ஏற்றாமல் இருந்தால்தான் கிடைக்கும். ஒரே ஒரு தடவை வெளிக் கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்த பணம் போச்சு. கடையில் ஒட்டும் ஸ்டாம்பு அட்டை மாதிரி என்று நினைக்க வேண்டாம். இது காலில் போட்ட சங்கிலி.

சீனாவிலிருந்து தேயிலை ஏற்றிய மோகல் ஸ்டீம்ஷிப் கம்பெனியைக் கூட்டணி சேர்த்துக்கொள்ளவில்லை. அது தனியாக ஓட்டப் பார்த்தபோது, அது போகும் இடத்துக்கெல்லாம் கூட்டணி கப்பலை அனுப்பி, கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. மோகல் வழக்குப் போட்டது. 1891-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: இது போட்டிதான், குற்றம் இல்லை.

இன்னொரு தற்செயல். வ.உ.சி. கம்பெனி பதிவான அதே 1906-ல்தான் இந்தக் கூட்டணிகளை விசாரிக்க லண்டனில் ராயல் கமிஷன் அமைத்தார்கள். 1909-ல் அறிக்கை வந்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டணியைத் தடை செய்யச் சொல்லவில்லை. சரக்கு அனுப்பும் வியாபாரிகளும் சங்கம் வைத்துப் பேரம் பேசட்டும் என்றார்கள். அந்த யோசனையை மட்டும் மனதில் வைத்திருங்கள், கடைசியில் தாண்டிக்குடிக்கு எடுத்துப் போவோம்.

ஃபியோனா ஸ்காட் மார்ட்டன் என்ற பொருளாதார அறிஞர் 1879 முதல் 1929 வரை இந்தக் கூட்டணிகள் புதுக் கம்பெனிகளை எப்படி நடத்தின என்று ஆராய்ந்தார். 1997-ல் வந்த கட்டுரையில் அவர் கண்டது: பணபலம் குறைந்த, அனுபவம் குறைந்த, சின்னப் புதுக் கம்பெனிகளோடுதான் அதிகம் சண்டை. பலமானவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1999-ல் ஜோயல் பொடால்னியோடு சேர்ந்து இன்னொன்றையும் காட்டினார். புதுக் கம்பெனி முதலாளி சமூகத்தில் உயர்ந்த அந்தஸ்து உள்ளவராக இருந்தால் சண்டைக்கு ஆளாகும் வாய்ப்பு குறைவு. அதாவது "நம்ம ஆள், பேசினால் கேட்பான்" என்ற நம்பிக்கை. ஓட்டப்பிடாரத்து வக்கீலுக்கு அந்தக் கிளப்பில் நாற்காலி கிடைத்திருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜெயித்தவர்களும் சேர்ந்துகொண்டவர்களும்

அப்படியானால் சின்னவர்கள் பிழைக்கவே முடியாதா? முடிந்த இடம் ஒன்று இருக்கிறது. அதிலும் ஒரு இந்தியர் இருக்கிறார்.

1893-ல் பம்பாயிலிருந்து ஜப்பானுக்குப் பருத்தி, நூல் ஏற்றுவதில் பி அண்டு ஓ வைத்ததுதான் சட்டம். ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானுக்கே போய் நிப்பான் யூசென் கைஷா என்ற கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார். அதே வருடம் இரண்டு பேரும் சேர்ந்து கப்பல் விட்டார்கள். டன்னுக்கு 19 ரூபாய் இருந்த கட்டணத்தை டாடா 12 என்றார். பி அண்டு ஓ ஒன்றரை ரூபாய் என்றது! பம்பாய் வியாபாரிகள் தயங்கினார்கள், ஒவ்வொருவராகக் கழன்றார்கள். டாடா லைன் இரண்டு வருடத்துக்குள் மூடப்பட்டது.

ஆனால் ஜப்பான் கம்பெனி மூடவில்லை. ஏன்? ஜப்பானிய நூற்பாலைகளின் சங்கம், தன் உறுப்பினர்கள் இந்தியப் பருத்தியை நிப்பான் யூசென் கப்பலில்தான் கொண்டுவருவார்கள் என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. எதிராளி எவ்வளவு இறக்கினாலும் மாறுவதில்லை. நிப்பான் யூசெனை விலையால் கொல்ல முடியாது என்று தெரிந்த பிறகு பி அண்டு ஓ பேச வந்தது. 1896-ல் உடன்பாடு ஏற்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வழி, ஒரே எதிரி, ஒரே விலைச் சண்டை. பம்பாயில் வியாபாரிகளின் ஒற்றுமை மனதில் மட்டும் இருந்தது. ஜப்பானில் அது காகிதத்தில், கையெழுத்தோடு இருந்தது. ஜப்பானிய அரசாங்கமும் தன் கப்பல்களுக்குப் பின்னால் நின்றது. தூத்துக்குடியில் அரசாங்கம் எதிராளியின் பின்னால் நின்றது.

வ.உ.சி. கம்பெனி போய் எட்டு வருடம் கழித்து, 1919-ல் வால்சந்த் ஹிராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் சிந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். 1919 ஏப்ரல் 5-ல் அவர்கள் கப்பல் லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர்களோடும் விலைச் சண்டை நடந்தது. பி.ஐ.யின் தலைவர் இன்ச்கேப் பிரபு. 1923-ல் சமாதானம். சிந்தியா கூட்டணிக்குள் சேர்க்கப்பட்டது, ஆனால் எத்தனை டன் கப்பல் வைத்துக்கொள்ளலாம், எந்தக் கடலில் ஓடலாம் என்ற கட்டுப்பாடுகளோடு. பிழைத்தது, விலை கொடுத்துப் பிழைத்தது. ஒருவன் செத்தான், ஒருவன் கையெழுத்துப் போட்டு வாழ்ந்தான். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இப்போது கப்பல்கள் என்ன செய்கின்றன?

சுதந்திரத்துக்குப் பிறகு வளரும் நாடுகள் இந்தச் சண்டையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோயின. 1974-ல் ஒரு ஒப்பந்தம் வந்தது. கூட்டணிக் கப்பல்களில் போகும் சரக்கில் ஏற்றும் நாட்டின் கப்பல்களுக்கு 40, இறக்கும் நாட்டின் கப்பல்களுக்கு 40, மற்றவர்களுக்கு 20 சதவீதம் என்பது அதன் சாரம். 1983-ல் அது அமலுக்கு வந்தது. ஆனால் கண்டெய்னர் வந்து கப்பல் தொழிலே மாறிக்கொண்டிருந்த நேரம் அது. காகிதத்தில் இருந்த பங்கு கடலில் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரே கட்டணம் பேசும் பழைய கூட்டணிகளுக்கு ஐரோப்பிய யூனியன் கொடுத்திருந்த விலக்கு 2008 அக்டோபரில் முடிந்தது. இப்போது இருப்பது வேறு மாதிரி. கட்டணத்தைப் பேசக் கூடாது, ஆனால் கப்பலில் இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். உன் கப்பலில் என் பெட்டி, என் கப்பலில் உன் பெட்டி. மெர்ஸ்க்கும் எம்.எஸ்.சி.யும் 2015 முதல் 2025 ஜனவரி வரை அப்படிச் சேர்ந்து ஓட்டின. 2025 பிப்ரவரியில் மெர்ஸ்க் ஹபாக்-லாய்டோடு ஜெமினி என்ற புதுக் கூட்டைத் தொடங்கியது. இந்த வகைக் கூட்டுகளுக்கு ஐரோப்பாவில் இருந்த தனி விலக்கும் 2024 ஏப்ரலில் காலாவதியானது. இனி ஒவ்வொரு கூட்டும் பொதுவான போட்டிச் சட்டத்துக்குள் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இங்கே கேம் தியரியின் இன்னொரு பாதி உதவுகிறது. எப்படிச் சண்டை போடுவது என்பது ஒரு பாதி. சேர்ந்து செய்ததன் செலவையும் லாபத்தையும் எப்படிப் பங்கு போடுவது என்பது மறு பாதி. 1953-ல் லாய்ட் ஷேப்லி இதற்கு ஒரு வழி சொன்னார். 2012-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் சொன்னதை எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன்.

மூன்று தோட்டம், ஒரு லாரி

ஒரே மலைப்பாதையில் மூன்று தோட்டங்கள். வத்தலக்குண்டிலிருந்து வண்டி முதல் தோட்டம் வரை வந்து திரும்ப 3,000 ரூபாய். இரண்டாம் தோட்டம் வரை ஏறினால் 3,600. மூன்றாம் தோட்டம் வரை 4,200. தனித்தனியாக வண்டி பிடித்தால் மொத்தம் 10,800. ஒரே வண்டியில் மூவர் சரக்கும் அடங்கும் என்றால் 4,200-ல் முடியும். (இதுவும் கற்பனைக் கணக்குதான்.)

சரி, 4,200-ஐ யார் எவ்வளவு கொடுப்பது? ஆளுக்கு 1,400 என்றால் எல்லோருக்கும் லாபம்தான். ஆனால் முதல் தோட்டக்காரர் முணுமுணுப்பார். "அவன் தோட்டம் வரைக்கும் வண்டி ஏறினதுக்கு நான் ஏன் கொடுக்கணும்?" முணுமுணுப்பு வளர்ந்தால் கூட்டு உடையும்.

ஷேப்லி முறையில் பாதையைத் துண்டாக வெட்ட வேண்டும். முதல் துண்டு 3,000. அதை மூவரும் பயன்படுத்துகிறார்கள், ஆளுக்கு 1,000. அடுத்த துண்டு 600, மேலே உள்ள இருவருக்கு மட்டும், ஆளுக்கு 300. கடைசித் துண்டு 600, மூன்றாமவருக்கு மட்டும். ஆக 1,000, 1,300, 1,900. கூட்டினால் 4,200. யார் எதைப் பயன்படுத்துகிறாரோ அதற்கு மட்டும் பங்கு. 1970-களில் விமான நிலைய ஓடுபாதைச் செலவை விமானங்களுக்குப் பிரிப்பதற்கு இதே கணக்கைத்தான் ஆராய்ந்தார்கள்.

நான் இதைத் தாத்தாவிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இதுக்கா காலேஜ் போனே? பொதிக் குதிரை காலத்துலயே இப்படித்தான்டா பிரிச்சோம்" என்றார். மானம் போச்சு!

ஆனால் அவரிடம் நான் கேட்ட அடுத்த கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அப்படிப் பிரிக்கத் தெரிஞ்ச நீங்க, அந்த ரெண்டு லாரிச் சண்டையில ஏன் சேர்ந்து பேசல?" கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், "மலிவா கிடைக்கும்போது எவனும் கூட்டம் போட மாட்டான். விலை ஏறின பெறகுதான் கூடுவான். அப்ப பேச ஆள் இருக்காது."

தூத்துக்குடியும் பம்பாயும் சொல்வது இதைத்தான். ஒத்துழைப்பு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே பதில் இல்லை. யார் யாரோடு சேர்கிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கப்பல் முதலாளிகள் மட்டும் சேர்ந்தால் அது கான்ஃபரன்ஸ், சங்கிலி. சரக்குக்காரர்களும் சேர்ந்து, மலிவாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக்கொண்டால் அது ஜப்பானிய நூற்பாலைச் சங்கம். வ.உ.சி.க்குத் திறமை குறைவு இல்லை, துணிச்சல் குறைவு இல்லை. அவருக்குப் பின்னால் உணர்ச்சி இருந்தது, ஒப்பந்தம் இல்லை. அரசாங்கம் எதிரே இருந்தது.

2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். நல்ல காரியம். எங்கள் தோட்டத்து மிளகு எந்தக் கப்பலில், என்ன வாடகைக்குப் போகும் என்று முடிவு செய்கிற மேஜையில் எங்களுக்கு ஒரு நாற்காலி வந்தால் அவர் இன்னும் சந்தோஷப்படுவார் என்று தோன்றுகிறது.

போன வாரம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆறு பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடினார்கள். இந்த வருடக் காப்பிப் பழம் பறிப்பதற்கு முன்பே ஒரே வண்டிக்கு, ஒரு வருட வாடகை பேசி எழுதிக்கொள்வதாக யோசனை. வண்டிக்காரருக்கும் நிச்சயமான லோடு, எங்களுக்கும் நிச்சயமான வாடகை. நான்கு பேர் சரி என்றார்கள். இரண்டு பேர், "பார்க்கலாம், இப்ப வாடகை கம்மியாத்தானே இருக்கு" என்று எழுந்து போனார்கள்.

கைதிகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன ஆனது என்று அடுத்த லீவில் எழுதுகிறேன்.